சிறுவர்க்கு எதைக் கொடுப்போம்? காலங்கடந்த கதையும் காலத்தோடு கரையும் எழுத்தும்

சிறுவர் இலக்கியம் பற்றி நம்மவர்கள் பேசும் இடங்களில் 'காலத்துக்கு ஏற்றது' என்ற சொல் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. பிள்ளைகளுக்குக் காலத்துக்கு ஏற்றதைக் கொடுக்க வேண்டும். பழைய கதைகள் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரிவராது. சிங்கமும் நரியும் பேசுவதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். இக்கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் இலக்கியச் சர்ச்சையல்ல. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நெருக்கடிக்குப் பிறகு அப்பியாசக் கொப்பி வாங்குவதே பல வீடுகளில் பெரிய செலவாகிவிட்டது. "வருசத்துக்கு ஒரு புத்தகம்தான் சேர் வாங்கேலும், எதை வாங்கட்டும்?" என்று பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் கேட்கிறார்கள். பத்துப் புத்தகம் வாங்க முடிந்தவருக்கு இந்தக் கேள்வி பெரிதல்ல. ஒன்று மட்டுமே வாங்கக்கூடியவருக்குச் சரியான பதில் சொல்லவேண்டிய பொறுப்பு தமிழ் ஆசிரியனுக்கு இருக்கிறது.

கரையும் எழுத்து எது?

நமது ஊர்ப் புத்தகக் கடைகளில் சிறுவர் பகுதியைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வழிகாட்டிகளும் மாதிரி வினாத்தாள்களும்தான். அவற்றுக்குப் பின்னால் மெல்லிய கதைப் புத்தகங்கள் சில இருக்கும். பிளாஸ்ரிக்கின் தீமை, டெங்கு ஒழிப்பு, கைத்தொலைபேசியின் ஆபத்து, கொவிட் காலத்தில் கை கழுவுதல் என்பனதான் அவற்றின் பொருள். இவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. டெங்கு நுளம்பு எங்கே பெருகுகிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தப் புத்தகங்களில் கதை ஒரு கடித உறை மாதிரி. உள்ளே இருக்கும் செய்தியை எடுத்ததும் உறைக்கு வேலை முடிந்துவிடும். கை கழுவும் முயல்குட்டியின் கதையை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லி எந்தப் பிள்ளையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

புதியது கரையும், பழையது நிலைக்கும் என்று இதைச் சுருக்கி விளங்கிக்கொள்ளக் கூடாது. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். இரண்டும் ஒரே பேனாவிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவை. சமுதாயத்தை எழுப்பிவிட்ட பெருமை முஸ்லிம் நேசனுக்கு உண்டு. ஆனால் இன்று அதன் பக்கங்களைத் தேடுபவர் ஆய்வாளர் மட்டுமே. மிஸ்ரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, தான் யாரென்று தெரியாமல் வளரும் ஒரு பையனின் கதையோ இன்றும் கதையாகவே நிற்கிறது. அதன் நடை பழசாகிவிட்டது. கதையை எளிய தமிழில் சொன்னால், 'அவன்ட வாப்பா உம்மாவ அவன் கண்டு பிடிச்சானா?' என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். அன்று அதுவும் புதிய எழுத்துத்தான். ஆகவே பிரித்துப் பார்க்கவேண்டியது எழுத்தின் வயதையல்ல, அதன் உள்ளே இருப்பதை. ஒரு செய்தியைச் சுமந்துவரும் எழுத்து அச்செய்தியோடு முடிகிறது. மனிதருக்கு என்றும் தீராத ஒரு சிக்கலைச் சுமந்துவரும் எழுத்து, அச்சிக்கல் மனிதரிடம் இருக்கும் வரை இருக்கிறது.

ஒரு பானையின் பயணம்

காலங்கடந்த கதை என்றால் என்ன என்று வரைவிலக்கணம் சொல்வதைவிட ஒரு கதையைப் பின்தொடர்ந்து போவது நல்லது.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'பவளக்கொடி' பாட்டை நம்மில் பலர் சின்ன வயதில் படித்திருக்கிறோம். பால் விற்கப் போகும் பெண்ணொருத்தி, அந்தப் பால் விற்ற காசில் இதை வாங்குவேன், அதை விற்று இன்னொன்று வாங்குவேன் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டே நடந்து பாலைக் கொட்டிவிடும் கதை. யாழ்ப்பாணத்துப் புலவர் எழுதிய பாட்டு என்பதால் யாழ்ப்பாணத்துக் கதை என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இந்தப் பானை வெகுதூரம் பயணம் செய்து வந்திருக்கிறது.

சமஸ்கிருதப் பஞ்சதந்திரத்தில் அது பாற்குடமல்ல, மாப்பானை. பிச்சையெடுத்துச் சேர்த்த மாவைப் பானையில் தொங்கவிட்டுக் கீழே படுத்திருக்கும் பிராமணன், பஞ்சம் வந்தால் இதை விற்று ஆடு வாங்குவேன், பிறகு மாடு, பிறகு வீடு, பிறகு கலியாணம் என்று கனவு காண்கிறான். கனவிலே மனைவியை உதைக்கக் காலை ஓங்க, பானை உடைந்து மா அவன்மீதே கொட்டுகிறது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷீர்வானின் காலத்தில் வைத்தியர் புர்சோய் இந்நூலைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதை 'கலீலா வ திம்னா' என அரபியில் தந்தார். அரபியில் பிராமணன் இல்லை. துறவி ஒருவர் இருக்கிறார். மா இல்லை, தேனும் நெய்யும் இருக்கின்றன. அவர் மனைவியை உதைக்கவில்லை. இனிப் பிறக்கப்போகும் மகன் சொல் கேட்காவிட்டால் அடிப்பதற்காகத் தடியை ஓங்குகிறார். ஆயிரத்தொரு இரவுகளில் அதே கனவு கண்ணாடிச் சாமான் விற்பவன் ஒருவனுடையதாகிறது. 1678இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொன்தேன் பால்காரப் பெண்ணின் தலையில் குடத்தை ஏற்றினார். அவள் யாரையும் அடிக்கவில்லை. சந்தோஷத்தில் துள்ளினாள், குடம் விழுந்தது. இந்த வழித்தடத்தை மாக்ஸ் முல்லர் 1870இல் ஒரு சொற்பொழிவில் விரிவாக ஆராய்ந்து காட்டினார். பால்காரி கடைசியில் நவாலியூர் வரை வந்து பவளக்கொடியானாள்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்குகின்றன. முதலாவது, கையில் இல்லாததை வைத்துக் கணக்குப் போடும் மனம் பிராமணனுக்கும் துறவிக்கும் கண்ணாடி வியாபாரிக்கும் பால்காரிக்கும் ஒன்றுதான். அதனால்தான் மொழியும் மதமும் மாறினாலும் கதை உடையவில்லை, பானை மட்டும் உடைந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, காலங்கடந்த கதை கல்லில் வெட்டியது போல அப்படியே கிடப்பதில்லை. ஒவ்வொரு கையும் அதைத் திருத்தியிருக்கிறது. மனைவியை உதைப்பது ஒரு கட்டத்தில் விழுந்துபோயிற்று; கனவின் முடிச்சு மட்டும் நின்றது. 'பழைய கதைகளில் பிற்போக்கான எண்ணங்கள் இருக்கின்றனவே' என்று கேட்பவர்களுக்கு இந்தப் பானையே பதில் சொல்லும். சொல்பவருக்குத் திருத்தும் உரிமை எப்போதும் இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த உரிமையை நாமும் பயன்படுத்தலாம்.

இந்நூல் தொகுதியின் இன்னொரு கதை, வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத ஆமை. இரண்டு பறவைகள் தடியொன்றின் இரு முனைகளைப் பிடிக்க, நடுவே கவ்விப் பறந்த ஆமை, கீழே நின்றவர்களின் பேச்சுக்குப் பதில் சொல்ல வாய் திறந்து விழுந்தது. கலீலா வ திம்னாவில் இருக்கும் இதே கதை பௌத்த ஜாதகக் கதைகளிலும் இருக்கிறது. அந்த ஜாதகக் கதைகள் 14ஆம் நூற்றாண்டில் சிங்களத்தில் 'பன்சிய பனஸ் ஜாதக பொத' ஆயின. பன்சலையில் ஜாதகக் கதை கேட்டு வளரும் சிங்களப் பிள்ளையும் நமது வீட்டுப் பிள்ளையும் ஒரே ஆமையை அறிந்திருக்க முடியும் என்பது இந்த நாட்டில் சின்ன விடயமல்ல. ஒற்றுமை பற்றிய துண்டுப்பிரசுரம் எதிலும் இது கிடைக்காது.

திம்னா எப்படி வென்றது?

கலீலா வ திம்னாவின் முதற் பெருங்கதையைத்தான் நான் வகுப்பில் அதிகம் சொல்லியிருக்கிறேன். காட்டு ராஜாவான சிங்கத்துக்கும் வழிதவறி வந்த எருதுக்கும் நட்பு உண்டாகிறது. திம்னா என்ற நரிக்கு அது பொறுக்கவில்லை. எருதைச் சிங்கத்தைக் கொண்டே கொல்விக்கிறது.

நான் பிள்ளைகளோடு நின்று நிதானித்துப் பார்க்கும் இடம், திம்னா அதை எப்படிச் செய்தது என்பதுதான். அது சிங்கத்திடம் போய், எருது உமக்கு எதிராகச் சதி செய்கிறது என்கிறது. சிங்கம் உடனே நம்பவில்லை. 'நீங்களே பாருங்கள், அது வரும்போது உடம்பு நடுங்கும், வலமும் இடமும் பார்க்கும், கொம்பை அசைக்கும்' என்ற கருத்தில் அடையாளம் சொல்லிக் கொடுக்கிறது. பிறகு எருதிடம் போகிறது. சிங்கம் உன்னைத் தின்னப் போகிறது, நீ போகும்போது அது நிமிர்ந்து உட்கார்ந்து, காதை விறைத்து, வாலை அடித்துக்கொண்டு உன்னையே பார்க்கும் என்கிறது. எருது பயந்து நடுங்கியபடி வருகிறது. சிங்கம் அதைக் கண்டு விறைக்கிறது. இரண்டு பேரும் மற்றவரின் பயத்தைப் பார்த்து, நரி சொன்னது உண்மை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பயத்தை விதைத்ததும் திம்னா, அந்தப் பயத்தையே சாட்சியாக்கியதும் திம்னா.

2018 மார்ச்சில் திகன பக்கத்தில் நடந்தவற்றின்போது வதந்தி எப்படிப் பரவியது, சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதெல்லாம் இக்காலாண்டிதழின் வாசகர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, வதந்தியை நம்பாதே, பகிராதே என்று சொல்லும் எழுத்துக்கள் எத்தனையோ வந்தன. நல்ல நோக்கந்தான். ஆனால் 'நம்பாதே' என்ற கட்டளை, நம்பிக்கை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைக் காட்டித் தராது. பயந்த முகத்தைக் காட்டி 'பார்த்தாயா, குற்றவாளி முகம்' என்று சொல்லும் தந்திரத்தை எட்டாம் நூற்றாண்டு அரபுக் கதை பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கவைக்கிறது. ஆறாம் தரத்தில் இக்கதையைச் சொல்லி முடித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "சிங்கம் ஏன் சேர் நேரா மாட்டுக்கிட்டப் போய்க் கேக்கல்ல?" இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கதை அத்தனை நூற்றாண்டு உயிரோடு இருந்ததென்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை வட்ஸ்அப்பில் ஏதாவது வரும்போது அப்பிள்ளைக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்தால் போதும்.

இப்னுல் முகஃப்பஃ தம் முன்னுரையில் சொல்லும் கருத்தொன்று நம் விவாதத்துக்கு மிகப் பொருத்தமானது. சிறுவர் இக்கதைகளை வேடிக்கைக்காகக் கேட்டு, பொருள் முழுதும் விளங்காமலே மனத்தில் பதித்துக்கொள்வார்கள். வளர்ந்து அறிவு முதிர்ந்த பின், பெற்றோர் தமக்காகச் சேமித்து வைத்துவிட்டுப் போன செல்வத்தைக் கண்டெடுத்தவனைப் போல அதன் பெறுமதியை உணர்வார்கள் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். இன்றைக்கே விளங்கி, இன்றைக்கே பயன்பட்டு, இன்றைக்கே தீர்ந்துபோகும் எழுத்தில் இந்தச் சேமிப்பு இல்லை.

இதை நாம் வேதத்திலிருந்தே அறிவோம். குர்ஆனை நான் இலக்கிய வரிசையில் வைக்கவில்லை. அது வேறு நிலை. ஆனால் கேட்பவரின் வயதோடு கூடவே வளரும் வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு 111 வசனங்கள் கொண்ட சூரா யூஸுஃபைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது காக்காமார் தம்பியைக் கிணற்றில் போட்ட வரலாறு. பதினாறு வயதில் அது சோதனைக்கு முன்னால் தன்னைக் காத்துக்கொண்ட இளைஞரின் வரலாறு. பிள்ளை பெற்றவருக்கோ, அழுதழுது பார்வை மங்கிய ஒரு தகப்பனின் பொறுமை.

மானும் பிணையும்

தமிழுக்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5,027 விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம். 'இதை எப்பிடி சேர் சின்னப் புள்ளயளுக்குப் படிப்பிக்கிற?' என்று இளம் ஆசிரியர்களே கேட்கிறார்கள். காப்பியத்தை முழுதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. மானுக்குப் பிணை நின்ற படலம் ஒன்றே போதும்.

வேடன் ஒருவனின் வலையில் பெண்மான் அகப்படுகிறது. குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அது முறையிடுகிறது. அவர்கள் வேடனிடம் மானுக்காகத் தம்மையே பிணையாக வைக்கிறார்கள். மான் தன் கூட்டத்திடம் போகிறது. போகாதே என்று கூட்டம் தடுக்கிறது. தனக்காகப் பிணை நின்றவரின் வாக்குப் பொய்க்கக் கூடாதென்று மான் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

வகுப்பில் நான் முதலில் பாட்டைத் தொடுவதில்லை. கதையை வாயால் சொல்வேன். கூட்டம் தடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, மான் திரும்பிப் போகவேண்டுமா, இல்லையா என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "வாக்குக் குடுத்தா வாக்குத்தான்" என்பார்கள் ஒரு பக்கம். "குட்டி சின்னந்தானே சேர், அது மவுத்தாப் போனா?" என்பார்கள் மறுபக்கம். இரண்டும் சரியான வாதங்கள். இந்த விவாதம் சூடேறிய பிறகுதான் கரும்பலகையில் இரண்டு விருத்தங்களை எழுதுவேன். அப்போது கடினமான சொற்கள் பிள்ளைகளுக்குத் தடையாகத் தெரிவதில்லை. தங்கள் பக்கத்து வாதத்துக்குச் சாட்சி தேடுவதுபோலத் தேடுகிறார்கள்.

'பிணை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அது செய்தியில் கேட்ட சொல். இன்னார் பிணையில் விடுதலை என்று தினமும் வானொலியில் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் ஒருவர் இன்னொருவருக்காகத் தன்னை ஈடாக வைக்கும் பொருள் இருப்பதைச் செய்தி சொல்லித்தரவில்லை, காப்பியந்தான் சொல்லித்தருகிறது. அதோடு நிற்கவில்லை. பழந்தமிழில் ஆண்மானைக் 'கலை' என்றும் பெண்மானைப் 'பிணை' என்றும் சொல்வார்கள். பிணைக்காகப் பிணை நின்றார்கள் என்று சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சொல்லுக்குள் இத்தனை அறைகள் இருக்கின்றன என்று தெரிந்த பிள்ளை, பிறகு மற்றச் சொற்களையும் தட்டிப் பார்க்கத் தொடங்கும். பரீட்சை வழிகாட்டியின் ஒத்த சொற் பட்டியலில் இது நடக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையல்ல. இந்த மான் நிகழ்ச்சியின் அறிவிப்பு ஆதாரபூர்வமானதல்ல என்று ஹதீஸ் துறை அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். இதனாலும் இதுபோன்ற காரணங்களாலும் சீறாவும் கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து முதலான நமது பழைய இலக்கியங்களும் பல வீடுகளிலிருந்து மெல்ல வெளியேறிவிட்டன. மார்க்கத்துக்கு ஆதாரம் தேடுவது அவசியம். அதில் எனக்கு மறுகருத்தில்லை. ஆனால் மார்க்க ஆதாரமாகக் கொள்வது வேறு, தமிழ்க் காப்பியமாகப் படிப்பது வேறு. உமறுப் புலவர் அரபு நாட்டை வர்ணிக்கும்போது தமிழகத்து வயலும் வாவியும் வருகின்றன. அதை வைத்து அரபுப் புவியியல் படிப்பவர் யாருமில்லை. அதுபோலவே, 'இது ஹதீஸ் அல்ல, புலவரின் காப்பியம்' என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லியே கற்பிக்கலாம். மேல் வகுப்புகளில் இந்த வேறுபாட்டையே ஒரு பாடமாக எடுக்கலாம். அதிலும் தயக்கமுள்ளவர்கள், தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்து மன்னிப்புப் பெற்ற மனிதரைப் பற்றிய ஸஹீஹான ஹதீஸைச் சொல்லட்டும். அதைவிடச் சுருக்கமும் ஆழமும் உள்ள வரலாறு சிறுவர்க்குக் கிடைப்பது அரிது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் யூடியூப் கார்ட்டூனை வைத்திருக்கிறோமே, அதைத்தான் நான் கேள்விக்குட்படுத்துகிறேன்.

இரண்டு மறுப்புகள்

'எங்கட புள்ள தன்ட முகத்தைப் புத்தகத்தில பார்க்க வேணாமா?' என்பது முதல் மறுப்பு. நியாயமானது. தொப்பி போட்ட, வாப்பா உம்மா என்று கூப்பிடும், நோன்புக் கஞ்சி வாளியோடு பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளை நமது சிறுவர் நூல்களில் குறைவு. அப்படிப்பட்ட நூல்கள் வரவேண்டும். ஆனால் தொப்பியும் கஞ்சியும் மட்டும் கதையாகிவிடாது. கஞ்சி வாளியைக் கொண்டுவரும் வழியில் பசித்த இன்னொருவரைக் கண்டு தடுமாறும் பிள்ளையை எழுதினால், அது காலத்துக்கு ஏற்றதாகவும் காலங்கடந்ததாகவும் ஆகும். இக்பால் சிறுவர்க்கு எழுதிய சிலந்தியும் ஈயும், மலையும் அணிலும் போன்ற கவிதைகளில் சில ஆங்கிலக் கவிதைகளைத் தழுவியவை. ஆயினும் உருதுப் பிள்ளைகள் அவற்றைத் தங்கள் சொந்தப் பாட்டாகவே பாடிவருகிறார்கள்.

பழைய கதை மெதுவாகப் போகிறது, போனில் ஒரு நிமிட வீடியோ பார்க்கும் பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. பொறுமை இல்லாமை உண்மை. ஆனால் அது கதையின் குறையல்ல, பழக்கத்தின் குறை. பழக்கத்தை மாற்ற, சொல்பவர் ஒருவர் நேரில் இருக்கவேண்டும். கதை சொல்லும் வாப்பும்மா பக்கத்தில் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்குப் பொறுமை தானாக வரவில்லை. அவர் மடியில் இருந்ததால் வந்தது.

செய்யக்கூடியவை

வகுப்பறையிலும் வீட்டிலும் நான் கண்ட சில வழிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கதையை முதலில் வாயால் சொல்லுங்கள். புத்தகம் பிறகு வரட்டும். புத்தகம் கையில் இல்லாமலே சொல்ல முடிகிற கதை பெரும்பாலும் நிலைக்கிற கதைதான். புத்தகம் தெரிவு செய்யும்போது இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். வாசித்து ஒரு மாதம் கழித்துப் பிள்ளைக்கு அதைத் திருப்பிச் சொல்ல வருமா என்று பாருங்கள்.

இரண்டு, முடிவில் 'இக்கதையின் படிப்பினை' என்று ஒரு வரி எழுதிக் கதையை மூடிவிடாதீர்கள். படிப்பினை சொன்னதும் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும். கேள்வி கேட்க விட்டால், நாம் நினைத்ததைவிட நல்ல படிப்பினையை அது கண்டுபிடிக்கும்.

மூன்று, கேள்வி பதில் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது. அது கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல். நொடி போட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த வடிவம் அந்நியமானதல்ல. ஒரு கேள்வியை இன்று போட்டுவிட்டு, பதிலை நாளைக்குச் சொல்லலாம்.

நான்கு, பள்ளிவாசல்களோடும் சங்கங்களோடும் சேர்ந்த வாசிகசாலைகளில் சிறுவர்க்கென்று ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதில் பரீட்சை நூல்கள் வேண்டாம். அவை எப்படியும் வீட்டில் இருக்கும். எளிய தமிழில் கலீலா வ திம்னா, சீறாவின் தேர்ந்த படலங்கள், முல்லா நஸ்ருத்தீன் கதைகள், சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள், ஜாதகக் கதைகளின் நல்ல மொழிபெயர்ப்பு ஒன்று என இருபது புத்தகங்கள் இருந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு புத்தகமும் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இருபதும் சொந்தமாகும்.

ஐந்தாவதுதான் அவசரமானது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுத்து வரலாறு எழுதிய பேராசிரியர் ம.மு. உவைஸ் போன்றோரின் உழைப்பினால் ஏட்டில் இருந்தவை ஓரளவு காப்பாற்றப்பட்டன. ஆனால் வாயில் இருந்தவை? நமது வாப்பும்மா, உம்மும்மாமார் சொன்ன கதைகளும் தாலாட்டுகளும் நொடிகளும் அவர்களோடு ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருக்கின்றன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் வீட்டையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். மனத்தில் இருந்த கதைகள் மட்டுந்தான் அவர்களோடு வந்தன. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். நாம் குறை சொல்லும் அதே கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒன்பதாம், பத்தாம் தர மாணவர்களுக்கு இந்த விடுமுறையில் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் ஒரு கதையைக் கேட்டுப் பதிந்து, சொன்னது சொன்னபடியே எழுதிவரும்படி ஒப்படை கொடுக்கலாம். என் வகுப்பில் அடுத்த தவணைக்கு அதைத்தான் கொடுக்கவிருக்கிறேன். மற்ற ஊர்களிலும் ஆசிரியர்கள் இதைச் செய்து, சேர்ந்தவற்றை இதுபோன்ற இதழ்களுக்கு அனுப்பினால், எதைக் கொடுப்போம் என்று கேட்கும் பெற்றோருக்கு நம்மிடமே ஒரு புத்தகம் இருக்கும்.